இந்த ஷூ எந்தச் சக்கரத்துக்கு?

போன வருடம் பக்ரீத்துக்கு முந்தின நாள் நடந்தது இது. மாதனூரிலிருந்து உள்ளே பிரியும் சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். நான் ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். என் வீட்டுக்காரர் சொந்தமாக ஒரு பழைய மினி லாரி ஓட்டுகிறார். மண்டியில் உப்புப் போட்டு அடுக்கிய தோலை ஏற்றி, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஷாப்புகளில் கொண்டுபோய் இறக்குவதுதான் அவர் பிழைப்பு.

உப்புத் தோல் ஏற்றுகிற வண்டிக்கு ஆயுசு கம்மி. தோலிலிருந்து வடிகிற உப்புத் தண்ணீர் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, அடியில் இருக்கிற இரும்பையெல்லாம் மெல்ல மெல்லத் தின்றுவிடும். இவரோ வண்டிக்கு மேலே பெயின்ட் அடித்து, எலுமிச்சம்பழம் கட்டி, பொட்டு வைத்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைப்பார். குனிந்து அடியில் பார்த்தால் முழுக்கத் துரு. அதை யாராவது சொன்னால் மனுஷனுக்கு முகம் தொங்கிவிடும். என்னைப் பற்றிச் சொன்னால்கூட அவ்வளவு கோபப்பட மாட்டார்.

அந்தச் சமயம் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. காரணம் அந்த வண்டிதான். ஒரு நாள் கம்பெனியில் டீ குடிக்கும்போது பக்கத்து மிஷின்காரி, "உன் வீட்டுக்காரர் வண்டி பிரேக் புடிக்காம மண்ணு மேட்டுல ஏறி நின்னுச்சாமே, அடி கிடி ஒண்ணும் இல்லியே?" என்று கேட்டாள். சம்பவம் நடந்து பல நாள் ஆகியிருந்தது. ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தினமும் தட்டில் சோறு போடுகிற எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "ஒண்ணும் ஆவலியே, அப்புறம் இன்னா?" என்றார். அவ்வளவுதான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், மறைக்க விரும்பவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் ஓடி வந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "அந்தத் துருவை எடைக்குப் போட்டுட்டு எங்க கம்பெனி பஸ் ஓட்ட வாங்க. டிரைவர் வேணும்னு சொல்லிக்கினு இருக்காங்க. யூனிபார்ம் போட்டு, ஷூ போட்டு, மாசம் பொறந்தா சம்பளம் வாங்கிக்கினு நிம்மதியா இருங்க" என்றேன்.

"வண்டிய எடைக்குப் போடறதா இருந்தா என்னையும் சேத்துப் போட்ரு" என்றார் அவர். அன்றோடு இரண்டு பேருடைய வாயும் மூடிக்கொண்டது.

பேசாமல் இருப்பதில் நான் அவருக்குச் சளைத்தவள் இல்லை. மறுநாளே வண்டிச் சாவியை எடுத்து என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போய்விட்டேன். நாத்தனார்தான் எங்களுக்கு நடுவில் தபால்காரி. "அண்ணி, சாவி கேக்குது அண்ணன்" என்பாள். "பிரேக்கச் சரி பண்ணச் சொல்லு, சாவி தானா வரும்" என்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவளும் எழுத்துப் பிசகாமல் இன்னொரு தரம் அவரிடம் சொல்லுவாள்.

பக்ரீத் நெருங்கியது. எங்கள் பக்கத்தில் பக்ரீத் என்றால் தோல் வண்டிக்காரர்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. பண்டிகை அன்று சாயங்காலத்திலிருந்தே மண்டிக்குத் தோல் வந்து குவியும். உடனே உப்புப் போட்டு நகர்த்தவில்லை என்றால் கெட்டுப்போகும். வழக்கமான மண்டிக்காரருக்கு வருகிறேன் என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் வண்டியின் பின்பக்கம் இடது சக்கரத்தில் பிரேக் ஜாம் ஆகிப் பிடித்தபடியே நிற்கிறது, வலது சக்கரத்தில் பிரேக் ஆயில் ஒழுகுகிறது. எப்போதும் பார்க்கிற மெக்கானிக் பாய் பண்டிகைக்குக் குடும்பத்தோடு மாமியார் வீட்டுக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு, கல் முட்டுக் கொடுத்து, இவரே வேலையை ஆரம்பித்துவிட்டார்.

அன்று ஷிஃப்ட் முடிந்து நான் கம்பெனி கேட்டுக்கு வரும்போது நாத்தனாரிடமிருந்து போன்.

"அண்ணி, வரும்போது அண்ணன் ஷூ வாங்கியாரச் சொல்லிச்சு."

"இன்னா ஷூ?"

"பழசு தேஞ்சி போச்சாம். பின்னாடி சுத்தமா இல்லியாம். லெஃப்ட்டு, ரைட்டு ரெண்டும் வேணுமாம்."

போனை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். இந்த மனுஷன் பிறந்ததிலிருந்து காலில் ஷூ போட்டதில்லை. கல்யாணத்துக்கே ரப்பர் செருப்போடு வந்தவர். பின்பக்கம் தேய்ந்துபோனது அந்தச் செருப்புதான், குதிகால் தரையில்தான் படும். இப்போது ஷூ கேட்கிறார் என்றால் என்ன அர்த்தம்? பஸ் ஓட்ட வரச் சம்மதித்துவிட்டார். வாய் விட்டுச் சொல்ல வெட்கப்பட்டு தங்கையை விட்டுச் சொல்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு கடைத்தெருவுக்கு நடந்தேன்.

ஏற்றுமதியில் கழித்த ஷூக்களை விற்கிற கடைகள் ஆம்பூரில் ஏராளம். தினமும் ஷூ தைக்கிறவள் என்பதால் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. ஒவ்வொன்றாக எடுத்து தையலை நகத்தால் நெருடிப் பார்த்தேன், கையை உள்ளே விட்டு விரல் இருக்கிற இடத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். அவருக்கு இடது கால் கொஞ்சம் அகலம். கறுப்பில், மெத்தென்று, வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஜோடி கிடைத்தது. ஊருக்குப் போகிற டவுன் பஸ்ஸில் அந்தப் பெட்டியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சாயங்காலம் என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட யோசித்தேன்.

வாசலில் வண்டியின் வலது பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. இவர் முழங்கை வரைக்கும் கரியும் எண்ணெயுமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நீட்டினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் சிரிப்பை அடக்க முடியாமல், பெட்டியைக் கொடுத்தேன்.

திறந்தார். பளபளவென்று கறுப்பு ஷூ. அதைப் பார்த்தார். கழற்றிய சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி ஷூவைப் பார்த்தார். ஒரு ஷூவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அத்தனை நாளுக்கு அப்புறம் என்னிடம் முதல் வார்த்தை பேசினார்.

"இத எந்தச் சக்கரத்துல மாட்றது?"

பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்முக்கு உள்ளே இருந்து பிடிக்கிற பாகத்துக்கும் ஷூ என்றுதான் பெயர். எனக்கு அது தெரியாமல் இல்லை. இருபது தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் நாள் முழுக்க ஷூ நடுவிலேயே கிடக்கிறவளிடம், அதுவும் அந்த நேரத்தில், வெறுமனே ஷூ என்று சொன்னால் வேறு என்ன தோன்றும்? ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சொல்லிவைத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டு வந்தால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். என் நாத்தனார் கடையை மட்டும் விட்டுவிட்டாள்.

அவள் வாசப்படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறிவிட்டது. பஸ் ஓட்ட வரப்போவதில்லை. நாளைக்கும் இந்த வண்டியில்தான் போகப்போகிறார். அது எனக்குப் புரிந்த மாதிரியே, நான் ஏன் ஷூ வாங்கினேன் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. சிரிப்பை நிறுத்திவிட்டு ஷூவைப் பெட்டிக்குள் வைத்து, கரி படாமல் மூடி, நாத்தனார் கையில் கொடுத்தார். அந்த ஷூவை இப்போது விசேஷங்களுக்குப் போட்டுக்கொண்டு வருகிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "பிரேக் நல்லா புடிக்குது" என்பார்.

அன்று ஸ்பேர் பார்ட்ஸ் கடை மூடுவதற்குள் போக வேண்டும். பண்டிகைக்கு மூடினால் அப்புறம் இரண்டு நாள் திறக்க மாட்டார்கள். பைக்கை எடுத்தவர் என்னைப் பார்த்து, "ஏறு" என்றார். அவரைப் பிடித்துக்கொள்ளாமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். தேசிய நெடுஞ்சாலையில் ஒரு கன்டெய்னர் உரசிக்கொண்டு போனதும் கை தானாக அவர் தோளுக்குப் போய்விட்டது. எடுக்கத் தோன்றவில்லை.

கடைக்கார பாய் பாதி ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார். தனியாக எடுத்து வைத்திருந்த பொட்டலத்தைக் கொடுத்துக்கொண்டே, "நீ வரலியேன்னுதான் பாதி தொறந்து வெச்சிக்கினு உக்காந்திருக்கேன். வூட்ல போன் மேல போன்" என்றார். என்னைப் பார்த்து, "இன்னாம்மா, நீயும் வந்துட்டே? பொருள் சரியா இருக்கான்னு செக் பண்ணவா?" என்று கேட்டார். என் கதை தெரிந்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அன்று ராத்திரி மறுபடி பேச்சு நின்றுவிட்டது. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. பிரேக் போனதை மறைத்தவர், இன்றைக்குச் சரி செய்துவிட்டு நாளைக்குப் போனால் மட்டும் சொல்வாரா?

மறுநாள் பண்டிகை. கம்பெனி லீவு. காலையில் தொழுகை சத்தம் கேட்கும்போதே இவர் இடது சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். வலது பக்கம் முடிந்துவிட்டது. இடது பக்க டிரம் அசைய மறுத்தது. டீசல் ஊற்றினார், சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டினார், திட்டினார். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்மைச் சுற்றி உப்பும் மண்ணும் துருவும் சேர்ந்து சிமென்ட் போட்ட மாதிரி இறுகியிருந்தது. அவர் லுங்கியில் ஏறுகிற உப்புக் கறையைத் துவைத்துத் துவைத்து எனக்குப் பழக்கம். பச்சைத் தண்ணீருக்கு மசியாது, கொதிக்கக் கொதிக்க ஊற்றினால்தான் விடும். உள்ளே போய் குண்டான் நிறைய வெந்நீர் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தேன்.

"குளிக்கவா? இன்னும் வேல முடியல" என்றார்.

நான் சக்கரத்தைக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மொண்டு மொண்டு ஊற்றினார். வெள்ளையும் சிவப்புமாகக் கரைந்து ஓடியது. இன்னும் ஒரு குண்டான் போட்டேன். உள்ளே அட்ஜஸ்ட்மென்ட் திருகு தெரிந்தது. அதைத் தளர்த்தி, இரண்டு பக்கமும் மாறி மாறித் தட்டினார். டிரம் கழன்று அவர் மடிமேலேயே விழப் பார்த்தது. உள்ளே பிரேக்கைத் தள்ளுகிற சிலிண்டர் துருவேறி உறைந்து கிடந்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு பொட்டலத்தில் இருந்த புதுசை மாட்டினார், ஷூ மாட்டினார், ஸ்பிரிங்குகளை இழுத்துக் கோத்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

கடைசி வேலைதான் தனி ஆளால் ஆகாதது. பாகம் மாற்றினால் பிரேக் ஆயில் போகிற குழாயில் காற்று புகுந்துவிடும். அதை வெளியே எடுக்காவிட்டால் பிரேக் பிடிக்காது. ஒரு ஆள் மேலே உட்கார்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொரு ஆள் கீழே படுத்து சின்ன திருகைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். மூடுகிற வரைக்கும் மேலே இருப்பவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். அவர் தங்கையைக் கூப்பிடப் போனார். "நான் மாட்டேன்ப்பா. கடையையே மறந்தவ நான், கால எடுத்துட்டன்னா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் வேண்டுமென்றேதான் போனாள் என்று எனக்கு இன்றுவரை சந்தேகம்.

நானே ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"மிஷின் மாதிரி லேசா மிதிக்காத. அடின்னா மிதிச்சி மிதிச்சி அடிக்கணும், புடின்னா அப்டியே அமுக்கிப் புடிக்கணும். விடுன்னு சொல்றவரிக்கும் விடக் கூடாது. நானும் சொல்லணும், நீயும் பதில் சொல்லணும். தெரியுதா?"

"தெரியுது."

"அடி."

"அடிக்கிறேன்."

"புடி."

"புடிச்சிட்டேன்."

கீழே அவர் திருகைத் திறந்ததும் என் காலுக்கு அடியில் பெடல் மெல்ல இறங்கியது. மூடினதும், "விடு" என்றார். "விட்டுட்டேன்" என்றேன். மறுபடி அடி, மறுபடி பிடி. பேச மாட்டேன் என்று இருந்த இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் முகம் எனக்குத் தெரியாது, என் முகம் அவருக்குத் தெரியாது.

ஒரு தடவை "புடி" என்றார். "புடிச்சிட்டேன்" என்றேன். பெடல் இறங்கித் தரையோடு நின்றது. "விடு" வரவில்லை. அதற்குப் பதிலாக அவர் வேறு எதையோ சொல்ல ஆரம்பித்தார்.

"அன்னிக்கும் இப்டித்தான் பெடலு கீழ போயிடுச்சு. மிதிக்கிறேன், ஒண்ணுமே இல்ல. முன்னாடி ஒரு கம்பெனி பஸ்ஸு நிக்குது. பொம்பளைங்க எறங்கிக்கினு இருக்காங்க. எல்லாரும் உன்ன மாதிரியே கம்பெனி கோட்டு போட்டுக்கினு, சாப்பாட்டுப் பை மாட்டிக்கினு."

நான் பெடலை விடாமல் அமுக்கிக்கொண்டேன்.

"எந்தப் பொம்பளையப் பாத்தாலும் உன் முதுகு மாதிரியே தெரிஞ்சிச்சு. மண்ணு மேடு கண்ணுல பட்டுச்சு, ஒடிச்சி ஏத்திட்டேன். எறங்கிப் போயி ஒவ்வொரு மூஞ்சியா பாத்தேன். நீ இல்ல. அப்பவும் நெஞ்சு அடங்கல. வூட்டுக்கு வந்து இன்னான்னு சொல்றது? உன் மேலயே ஏத்தப் பாத்தேன்னா?"

எனக்கு அப்போதுதான் அந்த நாள் எது என்று தெரிந்தது. நான் ஓவர்டைம் முடித்து லேட்டாக வந்த நாள். பஸ்ஸிலிருந்து இறங்கினால் ஸ்டாப்பில் இவர் நிற்கிறார். ஒரு நாளும் வந்து நின்றதில்லை. "இன்னா, எங்க போறேன்னு வேவு பாக்குறீங்களா?" என்று கேட்டேன். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டார். வழி முழுக்க என்னை முன்னால் விட்டு அவர் பின்னால் நடந்து வந்தார். நான்தான் ஏதேதோ கம்பெனிக் கதை பேசிக்கொண்டு வந்தேன்.

கால் கடுத்தது. எடுத்தால் காற்று புகுந்துவிடும் என்பதற்காக மட்டும் நான் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எடுத்தால் அவர் பேச்சு நின்றுவிடுமோ என்றுதான் பயம். ஸ்டியரிங் மேல் தலையை வைத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து கீழேயிருந்து, "இன்னும் மிதிச்சிக்கினா இருக்கே?" என்று கேட்டார்.

"நீங்க இன்னும் விடுன்னு சொல்லலியே."

"எப்பவோ மூடிட்டேன். விடு மே" என்றார். அவர் குரலும் சரியாக இல்லை.

அதற்கு அப்புறம் இரண்டு மூன்று தடவை அடித்ததில் பெடல் பாதியிலேயே கல் மாதிரி நின்றது. நான் இறங்கி உள்ளே போய் சாவியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஊருக்கு வெளியே ஏரிக்கரைச் சரிவு வரைக்கும் போனோம். இறக்கத்தில் வேகம் எடுத்து ஒரு மிதி மிதித்தார். வண்டி அப்படியே நின்றது. எனக்குத்தான் நெற்றி கண்ணாடியில் இடித்தது. தேய்த்துவிட்டுக்கொண்டே, "இனிமே எது ஆனாலும் மொதல்ல எனக்குத் தெரியணும்" என்றேன். "சொல்றேன்" என்றார். இதுவரை சொல்கிறார். டயரில் ஆணி குத்தினால்கூட போன் வருகிறது, சில நாள் பேஜாராகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் மண்டிக்குக் கிளம்பினார். நான் வாசலில் நின்றேன். எங்கள் தெருக் கோடியில் ரோடு வளைந்து மேட்டில் ஏறும். மேடு என்பதால் அங்கே யாரும் பிரேக் போட மாட்டார்கள். ஆனால் வண்டி அந்த வளைவுக்குப் போனதும் பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. நின்றது. அப்புறம் மெதுவாக மேட்டில் ஏறிப் போனது. எனக்குக் காட்டுவதற்காகத்தான் மிதித்திருக்கிறார் என்று புரிந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டேன்.

இப்போதும் அந்தத் துரு வண்டிதான், அதே உப்புத் தோல்தான். தினமும் அந்த மேட்டில் ஒரு தடவை நின்றுதான் போகிறார், நானும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தைப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறேன். இவருக்கும் பயம் உண்டு, அந்தப் பயம் முழுக்க என்னைப் பற்றியது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து, அவரை வழியனுப்ப எனக்குத் தைரியம் வந்துவிட்டது.